உதைக்காத துவக்கு

துவக்குக்கு இரண்டு நற்குணங்கள் உண்டு என்று ஒரு பேச்சு இப்போது நம்மிடையே நடமாடுகிறது. அதை எளிதில் கழற்றிப் பூட்டலாம் என்பது ஒன்று. சுடுகிறவன் தோளை அது உதைக்காது என்பது மற்றொன்று. கைத்தொலைபேசி விளையாட்டிலே இரவைத் தொலைக்கும் மாணவன் இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆசிரியர் அறையிலே, உழைப்பாளி மக்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்களின் வாயிலிருந்தே, “என்ன அற்புதமான சிருஷ்டி! கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டலாமே!” என்ற வியப்புக் கிளம்பும்போது, கேட்டும் கேளாதவர்போல் இருக்க முடியவில்லை.

கருவிக்குக் கட்சி இல்லை, அதை ஏந்தும் கைக்குத்தான் கட்சி உண்டு என்பது இந்த நண்பர்களின் வாதம். மண்வெட்டியால் வரம்பும் கட்டலாம், மண்டையையும் உடைக்கலாம் அல்லவா என்கிறார்கள். மண்வெட்டிக்கு இது பொருந்தும். துவக்குக்குப் பொருந்தாது. மண்வெட்டியைச் செய்தவன் மண்ணை நினைத்துச் செய்தான். துவக்கை வரைபட மேசையிலே வைத்து அமைத்தவன், ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எவ்வளவு குறைந்த சிரமத்தோடு வீழ்த்தலாம் என்று எண்ணி அமைத்தான். யாருக்குச் சுலபம், யாருக்கு நாசம் என்ற கேள்வி அங்கேயே, முதல் கோட்டிலேயே தீர்க்கப்பட்டுவிடுகிறது. இந்த இரண்டு நற்குணங்களும் அந்தத் தீர்ப்பின் இரண்டு வாசகங்கள் என்பதே நாம் சொல்ல வந்தது.

(சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்தில் நாம் துவக்கு என்கிறோம். சிங்களவர் துவக்குவ என்கின்றனர். எல்லாம் ஒரே துருக்கிச் சொல்லின் பிள்ளைகள். துருக்கியிலிருந்து வந்த சொல் தமிழிலே தொடக்கம் என்ற பொருளோடு போய் ஒட்டிக்கொண்டது மொழியின் விளையாட்டு. அது இந்த நாட்டிலே எவற்றையெல்லாம் துவக்கிவைத்தது என்பது விளையாட்டல்ல.)

முதலில் உதையை எடுத்துக்கொள்வோம். நியூற்றனின் மூன்றாம் விதியைப் பாடசாலையிலே படிக்கிறோம். உந்தம் அழியாது என்றும் படிக்கிறோம். முன்னே பாயும் சன்னத்துக்கும் வாயுவுக்கும் எவ்வளவு உந்தமோ, அதே அளவு உந்தம் துவக்குக்குப் பின்னோக்கி உண்டு. 8 கிராம் எடையுள்ள சன்னம் ஒன்று செக்கனுக்கு 700 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 4 கிலோ எடையுள்ள துவக்கு செக்கனுக்கு ஒன்றரை மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே சுடுகிறவன் தோளை நோக்கி வரும். எந்தப் பொறியியல் மேதையாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அவன் செய்யக்கூடியது, அந்த உதையை ஒரு கணத்திலே இறங்கவிடாமல் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுவது. அதற்காகச் சோங்கின் அடியிலே இறப்பர் மெத்தை வைத்தார்கள். சோங்குக்குள்ளே சுருள்வில் வைத்தார்கள். குழலின் வாயிலே துளைகள் இட்டு வாயுவைப் பக்கவாட்டிலே திருப்பினார்கள். சோங்கையும் குழலையும் ஒரே நேர்கோட்டிலே நிறுத்தி, வாய் மேலே எழும்பாமல் பார்த்துக்கொண்டார்கள். மருந்தின் அளவையே குறைத்துச் சிறு ரவை செய்தார்கள். வெள்ளையர் காலத்தில் நம் நாட்டிலே பழகிய 303 றைபிளைச் சுட்டவர்களுக்குத் தோள்பட்டை கன்றிப்போன கதை உண்டு. இன்றைய துவக்கைச் சுட்டவனுக்கு அந்தக் கதை இல்லை.

இவ்வளவு கரிசனமும் தோளின்மீது இரக்கங் கொண்டு எழுந்ததா? இல்லவே இல்லை. உதைபட்டவன் குறி தவறுகிறான். மறுபடி குறிபார்க்க நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்திலே எதிரே நிற்பவன் ஓடிவிடுகிறான், அல்லது மரத்தின் பின்னே ஒதுங்கிவிடுகிறான். உதையைக் குறைத்தது இரண்டாவது வெடிக்காக. இதற்குச் சரித்திரத்திலே ஓர் உதாரணம் இருக்கிறது. 1897ஆம் ஆண்டு பிரெஞ்சு இராணுவம் 75 மில்லிமீற்றர் பீரங்கி ஒன்றை ஏற்றது. அதுவரை பீரங்கி என்றால், ஒவ்வொரு வெடிக்கும் வண்டியோடு பின்னால் உருண்டோடும். ஆட்கள் மல்லுக்கட்டி இழுத்துவந்து, பழைய இடத்திலே நிறுத்தி, மறுபடி குறிபார்க்க வேண்டும். இந்தப் புதிய பீரங்கியிலோ எண்ணெயும் அழுத்திய காற்றும் நிரம்பிய உருளை ஒன்று உதையை உண்டு செரித்தது, குழல் மட்டும் பின்வாங்கித் தன் இடத்துக்குத் திரும்பியது, வண்டி அசையவில்லை. வண்டியின்மேல் வைத்த நீர்க்குவளை தளும்பாது என்று பெருமை பேசிக்கொண்டார்களாம். நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகளுக்கு மேல் அதனால் எய்ய முடிந்தது. மற்ற வல்லரசுகள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத் தாங்களும் அப்படியே செய்துகொண்டன. பதினேழு ஆண்டு கழித்து முதலாவது உலக யுத்தம் மூண்டபோது ஏறக்குறைய 90 இலட்சம் படைவீரர்கள் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது பீரங்கியே. தளும்பாத அந்த ஒரு குவளை நீருக்குக் கொடுத்த விலை அது.

இனிக் கழற்றலும் பூட்டலும்.

நம் மாத்தளைக்கு இதில் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் போர்த்துக்கேயரின் துவக்கைப் பார்த்துப் பழகி, பார்த்தவர்களே வியக்கும்படி துவக்குச் செய்தார்கள். அந்தத் துவக்கின் சோங்கு கவைபோல் இரண்டாகப் பிளந்திருக்கும். தீக்கல் பொறி இடது பக்கத்திலே இருக்கும். வெள்ளியும் தந்தமும் இழைத்த துவக்குகளை நூதனசாலைகளிலே இன்றும் காணலாம். ஒரு துவக்கின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. பொறி முறிந்தால் செய்த கொல்லனையே தேடிப் போகவேண்டும். அவன் ஊர்க்காரன்; துவக்கு எதற்குப் பயன்படுகிறது, யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்தவன். பெரும்பாலும் அது சேனைக் காவலுக்குத்தான், பன்றி விரட்டத்தான். இதை நாம் பொற்காலமாக வர்ணிக்கவில்லை. அந்தத் துவக்கும் மனிதனைக் கொன்றதுதான், அரசனின் ஏவலுக்கு நின்றதுதான். ஆனால் கொலைக்குத் தேவையான திறமை ஒரு சமுதாயத்தின் நடுவே, அதன் கண்காணிப்பிலே இருந்தது.

1848ஆம் ஆண்டு தேசாதிபதி டொரிங்டன் இந்தக் கிராமத்துத் துவக்குக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை ஷில்லிங் வரி விதித்தான். நாய்க்கு ஒரு ஷில்லிங், கடைக்கு வரி, வீதி போட ஆறு நாள் உழைப்பு, இல்லையேல் அதற்கு ஈடான பணம். காப்பித் தோட்டத் துரைமார்களுக்கு வீதி வேண்டியிருந்தது. அதற்கான பணத்தைக் காவல் துவக்கிலும் காவல் நாயிலும் தேடினார்கள். ஜூலை மாதம் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய கூட்டம் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கியது. அவர்கள் கையிலே இருந்தவை அந்தப் பன்றி விரட்டும் துவக்குகளும் வாள்களும் தடிகளுமே. ஜூலை 29ஆம் திகதி கண்டியிலே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். காவியுடையோடு ஒரு பிக்குவையும் சுட்டார்கள். கொங்காலேகொட பண்டாவைக் கசையாலடித்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். ஒரு கொல்லன் ஒரு துவக்கைச் செய்யும் கிராமத்தை, ஆயிரம் துவக்கை ஒரே அச்சிலே வார்க்கும் தேசம் வென்றுகொண்டிருந்த நூற்றாண்டு அது.

அந்த ஒரே அச்சு எங்கிருந்து வந்தது? பாரிஸ் நகரிலே ஒனோரே பிளாங்க் என்ற துவக்குத் தொழிலாளன், எந்த உறுப்பையும் எந்தத் துவக்கிலும் பூட்டலாம் என்ற முறையிலே பொறிகளைச் செய்து காட்டினான். 1785இல் அங்கே அமெரிக்கத் தூதராயிருந்த தோமஸ் ஜெபர்சன் அதைக் கண்டு, குவியலிலிருந்து கைக்கு அகப்பட்ட துண்டுகளை எடுத்துத் தம் கையாலேயே பொறிகளைப் பூட்டிப் பார்த்ததாகத் தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சு நாட்டுக் கைவினைஞர்கள் இதை எதிர்த்தனர். அமெரிக்க அரசாங்கத்தின் ஆயுதச் சாலைகளோ கைப்பற்றிக்கொண்டன. அங்கே வளர்ந்த முறையிலிருந்தே பின்னர் தையல் யந்திரமும் சைக்கிளும் பெருந்தொகையாய்ச் செய்யப்பட்டன. இதைச் சொல்லி, துவக்கு இல்லாவிட்டால் தையல் யந்திரம் ஏது என்று கேட்போர் உண்டு. தையல் யந்திரத்துக்கு முதலீடு செய்ய மனமில்லாத அரசுகள் துவக்குக்கு மட்டும் அரை நூற்றாண்டு நட்டத்தைப் பொறுத்துக்கொண்டன என்பதுதான் அதன் பொருள். மார்க்ஸியம் படித்த நண்பர்களுக்கு இதன் மறுபக்கத்தை விளக்க வேண்டியதில்லை. கொல்லனின் கையிலிருந்த திறமை அளவுகோலுக்குள்ளும் யந்திரத்துக்குள்ளும் போயிற்று. முதலில் செய்கிறவனுக்குத் திறமை வேண்டாமற் போயிற்று. பிறகு சுடுகிறவனுக்கும் வேண்டாமற் போயிற்று.

ஏகாதிபத்தியம் தன் சொந்தப் படைவீரனையும் இந்த விஷயத்திலே சும்மா விடவில்லை. வியட்நாமிலே அமெரிக்கா புதிய எம்16 றைபிளைக் கொண்டுவந்தபோது, அதைத் துப்புரவு செய்யவே அவசியமில்லை என்ற நினைப்பை ஊட்டி, துடைக்கும் கருவிகளைக்கூடப் போதியளவு கொடுக்காமல் காட்டுக்குள் அனுப்பினார்கள். மருந்தின் வகையையும் மாற்றியிருந்தார்கள். துவக்கு சிக்கிக்கொண்டது. சிக்கலை எடுக்கக் கழற்றிய துவக்கு பக்கத்திலே கிடக்க, பிணமாய்க் கிடந்த வாலிபர்களைப் பற்றிய கடிதங்கள் ஊருக்கு வந்தன. 1967இல் காங்கிரஸின் உபகுழு விசாரித்து அதிகாரிகளைக் கண்டித்தது.

இந்த இடத்திலே நம் நண்பர்களின் முகம் மலரும். “பார்த்தீர்களா? எதிர்ப்பக்கத்து உழவன் கையிலிருந்த கலாஷ்னிகோவ் சிக்கவில்லையே!” என்பார்கள். உண்மைதான். மிகைல் கலாஷ்னிகோவ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. குடும்பத்தையே சைபீரியாவுக்கு அனுப்பிய காலக் கொடுமைக்கு ஆளானவர். 1941இல் தாங்கிப் படைச் சார்ஜனாக நாஸிகளோடு போரிட்டுக் காயம்பட்டவர். தம் நாட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் அமைத்த துவக்கை 1949இல் செஞ்சேனை ஏற்றது. உறுப்புக்களின் இடையே தாராளமாய் இடைவெளி விட்டார். மணலும் சேறும் புகுந்தாலும் அது இயங்கியது. எளிய படைவீரனும் கழற்றிப் பூட்டக்கூடியதாய் அதை ஆக்கினார். பாஸிஸத்தை முறியடித்த மக்களின் கருவி என்ற மரியாதை அதற்குக் கிடைத்தது. அதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் அந்த எளிமைக்கு எல்லை எங்கே போட்டார்கள்? செஞ்சேனையின் வாயிலோடு அது நிற்கவில்லை. சோவியத் பாடசாலையிலே மாணவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு துவக்கைக் கழற்றிப் பூட்டிப் போட்டியிட்டார்கள். 2024 செப்டம்பரிலே ரஷ்யா அதைப் புதுப்பெயரோடு பாடத்திட்டத்துக்கு மீட்டும் கொண்டுவந்திருக்கிறது. இப்போது அங்கே சோஷலிஸமும் இல்லை, பாஸிஸத்தை எதிர்த்த யுத்தமும் இல்லை, கழற்றலும் பூட்டலும் மட்டும் இருக்கின்றன. வியட்நாம் விடுதலைக்குப் போராடிய கையிலிருந்த அதே துவக்குத்தான் பக்கத்து நாடான கம்பூச்சியாவிலே போல் பொட்டின் படையிடமும் இருந்தது. வியட்நாம் வென்றது தோள் வலிக்காத துவக்கால் என்றால், கம்பூச்சிய வயல்களிலே மண்டையோடுகளைக் குவித்தது எது? உழவனுக்கு நிலம், கிராமத்துக்கு அரசியல், பல்லாண்டு பொறுமை, இவற்றை விட்டுவிட்டு வெற்றியைத் துவக்கின் கணக்கிலே வரவு வைப்பது எந்த வகை மார்க்ஸியம்?

கலாஷ்னிகோவே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாய் விடை சொன்னார். 2002இல், விவசாயிக்கு உதவும் ஒரு யந்திரத்தை, புல்வெட்டும் யந்திரத்தையாவது செய்திருக்கலாம் என்றார். 2007இல், தமக்கு நன்றாக உறக்கம் வருவதாகவும் குற்றம் அரசியல்வாதிகளுடையதே என்றும் சொன்னார். 2012இல், தொண்ணூறு வயது கடந்த பின், ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் துவக்கு உயிர்களைப் பறித்திருக்குமானால் அந்தச் சாவுகளுக்குத் தாமும் பொறுப்பாளியா என்ற வேதனை தம்மை வாட்டுவதாக அதிலே இருந்தது. 2013 டிசம்பரிலே அவர் இறந்தார். அடுத்த மாதம் கடிதம் பத்திரிகையில் வெளியாயிற்று. தாய்நாட்டைக் காக்கும் ஆயுதத்தைச் செய்தவரைத் திருச்சபை ஆதரிக்கும் என்று திருச்சபைத் தரப்பிலே விளக்கம் தந்தார்கள். கிழவர் கேட்ட கேள்வி அதுவல்ல.

அவர் கேட்டதற்கு நேரான விடையை ஓர் ஆசிரியை ஏற்கனவே எழுதிவைத்திருந்தார். மொசாம்பிக் நாட்டு விடுதலை இயக்கத்திலே கெரில்லாப் பயிற்சி பெற்று, சுதந்திரத்தின் பின் அந்நாட்டின் கல்வி அமைச்சராயிருந்த கிராசா மாஷேல் அவர். 1983இல் அமைத்த தேசியக் கொடியிலே புத்தகத்தோடும் மண்வெட்டியோடும் கலாஷ்னிகோவ் துவக்கையும் பொறித்த நாடு மொசாம்பிக். அந்த நாட்டின் மகள், யுத்தம் குழந்தைகளுக்கு இழைக்கும் கேடு பற்றி 1996இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கையிலே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்: முன்பு ஆயுதங்கள் கனமாயும் சிக்கலாயும் இருந்ததால் குழந்தைகள் போரின் முன்னணிக்குப் பயன்படவில்லை, இப்போதைய இலேசான துவக்கைப் பத்து வயதுப் பிள்ளையும் கழற்றிப் பூட்ட முடியும்.

பத்து வயது! நம் நண்பர்கள் வியந்த இரண்டு நற்குணங்களும் இங்கே ஒன்றாய் வந்து சேர்கின்றன. கழற்றிப் பூட்ட எளிது, ஆகவே பிள்ளையின் மூளைக்கு எட்டும். தோளை உதைக்காது, ஆகவே பிள்ளையின் தோள் தாங்கும். முன்னொரு காலத்திலே குழந்தையைப் போரிலிருந்து காத்த அரண்களுள் துவக்கின் கனமும் அதன் உதையும் இரண்டு. அந்த அரண்களைப் பொறியியல் இடித்துவிட்டது.

இது ஆபிரிக்காவின் கதை மட்டுமல்ல. நம் நாட்டு யுத்தத்திலே, நம் இனத்தின் விடுதலையின் பெயராலேயே, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறையிலிருந்தும் வீட்டிலிருந்தும் கொண்டுபோகப்பட்டார்கள். யுனிசெப் பெயர் பெயராய்ப் பதிந்துவைத்தது. புலிகளும் செய்தார்கள், அவர்களிடமிருந்து பிரிந்து அரசோடு நின்ற அணியும் செய்தது. இதைச் சொன்னால் காட்டிக்கொடுப்பு என்று சீறுவோரிடம் ஒன்றுதான் கேட்கலாம்: அந்தப் பிள்ளையின் கையிலே 303 றைபிளைக் கொடுத்திருப்பீர்களா? தெற்கிலும் இதே கதைதான். 1971 ஏப்ரலிலே பாடசாலை முடித்த வயதுச் சிங்கள வாலிபர்கள் வேட்டைத் துவக்கோடும் கைக்குண்டோடும் எழுந்து அழிந்தார்கள். 1987 முதல் 1989 வரை அடுத்த தலைமுறை அழிந்தது. 2012இன் இறுதியிலே மாத்தளை மருத்துவமனை வளவிலே கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது எலும்புகள் கிளம்பின. 150க்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள். அவை எந்தக் காலத்தவை என்பதிலே நிபுணர்கள் முரண்பட்டார்கள், வழக்கு இழுபட்டது, காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் வேலியோரம் வந்து நின்றார்கள். ஆயுதச் சாலையிலிருந்து புறப்படும் துவக்கின் உறுப்புகளிலே இலக்கம் பொறித்து அனுப்புகிறார்கள், ஒன்றோடொன்று மாறிப்போகாதிருக்க. அந்த எலும்புகளிலே இலக்கம் இல்லை.

மொசாம்பிக்கிலே இன்னொரு வகைக் கழற்றலும் நடந்தது. 1995 முதல் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபையினர், துவக்கைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு மண்வெட்டியும் தையல் யந்திரமும் கலப்பையும் மாற்றாகக் கொடுத்தார்கள். கிடைத்த துவக்கை வெட்டிப் பயனற்றதாக்கிச் சிற்பிகளிடம் தந்தார்கள். அந்தத் துண்டுகளால் ஆன நாற்காலி ஒன்று லண்டன் நூதனசாலையிலே இருக்கிறது. மத நிறுவனம் செய்ததென்பதற்காக நம் தோழர்கள் இதைக் குறைத்துப் பேசத் தேவையில்லை; இடதுசாரிகள் எவரும் முந்திக்கொண்டு செய்யவில்லை என்பதே வெட்கம்.

இனி நம் மலைக்கு வருவோம். உதையைத் தணிக்கும் கலை இத்தனை வளர்ந்திருக்கிறதே, அது யாருடைய உடம்புக்குச் சேவை செய்கிறது? மாத்தளை மாவட்டத்திலே றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலை மலைகளைப் பாருங்கள். கொழுந்தெடுக்கும் பெண் கூடையின் பாரத்தைத் தலைக்கயிற்றிலே தாங்குகிறாள். நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து. மழை நாளிலே ஈரத்தின் பாரம் வேறு. சரிவிலே ஏறியிறங்கும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் அந்தக் கயிற்றின் வழியே உச்சிக்கும் கழுத்துக்கும் போகிறது. கயிறு அறுக்காதிருக்கப் பழந்துணியை நாலாய் மடித்துத் தலையிலே வைத்துக்கொள்கிறாள். நூற்றைம்பது ஆண்டுத் தேயிலை வர்த்தகம் அவளுக்காகக் கண்டுபிடித்த அதிர்ச்சி தாங்கி அந்தத் துணி மடிப்பு ஒன்றுதான்; அதையும் அவளே கண்டுபிடித்தாள். கூடைக்குப் பதில் சாக்கைக் கட்டிக்கொள்பவர்களும் இப்போது உண்டு. மருந்தடிக்கும் ஆள் முதுகிலே சுமக்கும் தகரத்தின் வார் தோளை அறுக்கிறது. முள்ளுக் குத்துபவன் மணிக்கட்டு நாளெல்லாம் அதிர்கிறது. எந்த நிறுவனம் இவர்களுடைய தோளை அளந்து பார்த்தது? எந்த ஆய்வுகூடம் இந்தப் பெண்ணின் கழுத்தெலும்பைப் பற்றிக் கவலைப்பட்டது?

இன்னும் கொடியது ஒன்று. சோங்கின் அடியிலே வைத்த மெத்தை இறப்பராலானது என்றோம். இறப்பர் எங்கே விளைகிறது? நம் மாவட்டத்திலும் விளைகிறது. விடியுமுன் மலையேறி மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டுகிறவன் நம் ஊரான். 1952 டிசம்பரிலே இலங்கை சீனாவோடு இறப்பர், அரிசி ஒப்பந்தம் செய்தது. பஞ்ச காலத்திலே நமக்குச் சோறு தந்த நல்ல ஒப்பந்தம் அது. ஏகாதிபத்தியத்தின் மிரட்டலுக்கு அஞ்சாமல் செய்ததென்று நாம் இன்றும் பாராட்டுகிறோம். நான்கு ஆண்டு கழித்து, 1956இல், கலாஷ்னிகோவைப் பார்த்துச் சீனா தன் துவக்கை அமைத்தது. ரி-56 என்று நம் நாட்டிலே பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் அதுதான். இராணுவத்துக்கு வாங்கினோம், பொலிசுக்குக் கொடுத்தோம், இராணுவத்திலிருந்து ஓடியவர்களோடு சேர்ந்து அது பாதாள உலகத்துக்கும் போயிற்று. இன்றும் பத்திரிகையைத் திறந்தால் வீதியோரக் கொலையொன்றிலே அதன் பெயர் கிடக்கிறது. அரிசி தின்று தீர்ந்துவிட்டது, துவக்கு தீரவில்லை.

இந்தத் தொழிலாளி துவக்கின் எந்த முனையைக் கண்டவன்? சோங்கு முனையை அல்ல. 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானான். 1977 மே மாதம் டெவன் தோட்டத்து நிலத்தைப் பறிக்க வந்ததை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தான். குழல் வாயின் முன்னே நின்றவர்களுக்கு உந்தக் காப்பு விதி வேறு விதமாய்ப் புரிகிறது. சுட்டவன் தோளிலே தணித்த உதை அவர்கள் நெஞ்சிலே தணியவில்லை.

இனி, தோளே இல்லாத துவக்கு ஒன்றையும் சொல்லி நிறுத்தலாம். தம்புள்ளை, கலேவல, லக்கலைப் பக்கத்துச் சேனைக் கிராமங்களிலே கட்டுத்துவக்கு என்றால் தெரியாதவர் இல்லை. பன்றியின் தடத்திலே கட்டி வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறான். யார் காலாவது கம்பியிலே தட்டினால் அது வெடிக்கும். உதையை வாங்கத் தோள் இல்லை, குறிபார்க்கக் கண் இல்லை, வெடித்த பின் ஓடிவந்து பார்க்க ஆளும் இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டியதால் மனிதனுக்குக் காலிலேதான் படும். விறகுக்குப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள், கட்டியவனின் சொந்த உறவினர் என்று முழங்காலோ கணுக்காலோ சிதைந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்; காடோரத்துப் புலியும் யானையும் சாகின்றன. உதை தணிக்கும் கலையின் கடைசிப் படி இதுதான். பெருந்தேசங்களின் ஆயுதச் சாலை தேடிய இலட்சியத்தைத் தண்ணீர்க் குழாயிலே ஒரு ஏழை உழவன் செய்து முடித்திருக்கிறான்.

அவனைத் திட்டுவது எளிது. சட்டவிரோதம் என்று பொலிஸ் பிடிக்கிறது. அபராதம் கட்டிவிட்டு வந்து மறுபடி கட்டுகிறான். ஏன் கட்டுகிறான்? ஒரே இரவிலே பன்றிக் கூட்டம் அவன் சோளத்தையும் மரவள்ளியையும் உழுதுவிட்டுப் போகிறது. யானை வந்தால் வீடும் போகிறது. நட்டத்தைக் கேட்டுக் கச்சேரிக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் நடந்தால் படிவமும் தவணையும் கிடைக்கின்றன. 1848இல் அவன் பாட்டனின் காவல் துவக்குக்கு வரி கேட்ட அரசாங்கம் போய்விட்டது. பயிருக்குக் காவல் தரும் அரசாங்கம் இன்னும் வரவில்லை. அந்த ஊர்ப் பாடசாலைகளிலே படிப்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் விதிக்குத் துவக்கை உதாரணங் காட்டும் நாளிலே, கட்டுத்துவக்கின் உதை யாருக்குப் போகிறது என்று வகுப்பைக் கேளுங்கள்; எந்தக் காட்டுத் தடத்திலே அது கட்டியிருக்கிறது என்பது அங்கே பல பிள்ளைகளுக்குத் தெரியும். அதே வாரத்திலே பயிரழிவுக்கு நட்டஈடு கேட்டும் வேலி கேட்டும் ஊர்ச் சங்கம் பிரதேச செயலாளருக்கு எழுதும் மனுவிலே பெற்றோரோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். மனுவை எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத ஊரிலே அதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.